கையில் வெட்டுப்பட்டால்…

கையில் வெட்டுப்பட்டால் முதல் வேலை அழுத்திப் பிடிப்பது. மருந்து தேடுவது இல்லை நண்பர்களே.

எங்க வீடு ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே, தோட்டத்துக்குள்ள. கரண்ட் இழுக்கல, சோலார் லைட்டுதான். போன மாசம் பொழுது சாயும்போது சோளத்தட்டு அறுத்த அப்பாவுக்கு இடது உள்ளங்கையில் அருவாள் பட்டிருச்சு. அப்பத்தா காப்பித்தூளோடு ஓடி வந்துச்சு. “வேண்டாங்க அத்தை” என்று அம்மா துவைத்த வேட்டியை மடித்து வைத்து அழுத்தினார். நான் லைட்டைப் பிடித்தேன்.

காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு எதுவும் கூடாது. காயத்துக்குள் ஒட்டினால் கழுவுவது கஷ்டம், கிருமியும் சேரும். 10 நிமிடம் விடாமல் அழுத்தணும். நின்னுருச்சான்னு நடுவில் தூக்கிப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். மோதிரத்தை உடனே கழற்றணும், வீங்கினால் வராது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டச் சொன்னார். வெட்டு சின்னதானாலும் உள்ளே தசைநார் அறுந்திருக்கலாமாம். அப்பாவுக்கு எல்லா விரலும் மடங்கியது. அப்புறம்தான் அம்மா அழுதார். 6 தையல்.

டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கு. நோய் தெரிய பெரும்பாலும் 3 முதல் 21 நாள் ஆகும். ஆறிருச்சேன்னு ஊசியை விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுது, காசு கிடையாது. ஆனால் தோட்டத்து வீட்டுக்கு எந்தப் பிரிவில் திரும்பணும்னு வீட்டில் எல்லோருக்கும் சொல்லத் தெரியணும். ஒருத்தர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் போய் நிக்கணும்.