வீட்டுக் கணினியில் யாருக்கு என்ன உரிமை?



ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்குள் பூட்டும் சாவியும் எதற்கு என்று கேட்போர் உண்டு. சென்ற ஆண்டு வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால், சீட்டுக்கட்டு அளவே உள்ள ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியும் அதனோடு இணைந்த வன்தட்டும் இருக்கின்றன. அதில் லினக்ஸும், சாம்பா என்னும் மென்பொருளும் இயங்குகின்றன. அப்பாவின் மடிக்கணினி, அம்மாவின் கைப்பேசி, நாங்கள் பாடம் படிக்கும் கணினி ஆகிய யாவும் வைஃபை வழியாக அந்த ஒரே தட்டில்தான் கோப்புகளை வைத்து எடுக்கின்றன. எல்லாரும் நம்மவர்தாமே என்று அப்பா எல்லாவற்றுக்கும் 777 என்ற அனுமதியைக் கொடுத்திருந்தார்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் தம்பி, விளையாட்டுக் காணொளிகளுக்கு இடம் போதவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘பழையவை’ என்ற கோப்புறையை அழித்துவிட்டான். மறைந்த எங்கள் பாட்டி பேசிய 14 ஒலிப்பதிவுகள் அதற்குள்தான் இருந்தன. வலைவழிப் பகிர்வில் அழித்தது சாதாரணமாக நம் கணினியின் குப்பைத்தொட்டிக்கு வருவதில்லை, போனது போனதுதான். சித்தியின் கைப்பேசியிலிருந்து இரண்டு பதிவுகள் மட்டும் திரும்பக் கிடைத்தன. தம்பியைக் கடிந்து என்ன பயன்? கதவைத் திறந்து வைத்திருந்தவர்கள் நாங்கள்தாமே! அக்காவோடு சேர்ந்து கோடை விடுமுறையில் நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

777 என்பது என்ன? படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்றவர்களுக்கு. ஆகவே 640 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், மற்றவர்க்கு ஒன்றுமில்லை. கோப்புறைக்கு 1 என்பது இயக்குவதன்று, உள்ளே நுழைவது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸின் வழியில் வந்தது இம்முறை. சாம்பாவை 1992இல் வெளியிட்டவர், கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல்.

முதலில் நாங்கள் செய்தது தவறு. மிஞ்சிய இரண்டு பதிவுகளையும் அம்மாவின் பெயருக்கு மாற்றி, 644 என்று வைத்தோம். அம்மாவைத் தவிர யாரும் எழுத முடியாது. இனிப் பயமில்லை என்று மகிழ்ந்தோம். ஆனால் வேறொரு கோப்பை அவ்வாறே வைத்துத் தம்பியிடம் அழித்துப் பார்க்கச் சொன்னபோது, ஒரு நொடியில் அழித்துவிட்டான்! வியப்பாக இருக்கிறதல்லவா? கோப்புறை என்பது பெயர்களின் பட்டியல். அழிப்பது என்றால் அப்பட்டியலிலிருந்து பெயரை அடிப்பது. வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயரை அடிக்க அவளுடைய சம்மதம் தேவையில்லை. பதிவேட்டில் எழுதும் உரிமை இருந்தால் போதும். எங்கள் கோப்புறையோ இன்னும் 777 ஆகவே இருந்தது.

பிறகு ‘குடும்பம்’ என்று ஒரு குழு அமைத்து எல்லாரையும் சேர்த்தோம். ‘காப்பாளர்’ என்னும் இன்னொரு குழுவில் அம்மாவும் அக்காவும் மட்டும். பாட்டியின் கோப்புறைக்கு உரிமையாளர் அம்மா, குழு காப்பாளர், அனுமதி 2775. முன்னால் நிற்கும் 2 எதற்கென்றால், அதனுள் யார் புதிய கோப்பு வைத்தாலும் அது காப்பாளர் குழுவுக்கே சேரும். இல்லாவிட்டால் வைத்தவரின் சொந்தக் குழுவுக்குப் போய்விடும். இவ்வளவு செய்தும் அம்மா வைத்த கோப்பை அக்காவால் திருத்த முடியவில்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். புதுக் கோப்புகளுக்குச் சாம்பா இயல்பாக அனுமதிக்கும் எல்லை 0744. அதில் குழுவுக்கு எழுதும் உரிமை கிடையாது. அதை 0664 என்று மாற்றியபின் சரியாயிற்று.

பகிர்வில் இரண்டு வாயில்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சாம்பாவின் அமைப்பு ஒன்று, தட்டில் உள்ள அனுமதி மற்றொன்று. இரண்டும் இசைந்தால்தான் வழி. வெளிவாயிலில் குடும்பக் குழுவினரை மட்டும் விட்டோம். லினக்ஸில் பெயர் இருந்தால் போதாது, சாம்பாவுக்கென்று தனியே கடவுச்சொல்லும் வைக்க வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்த்தவர் வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் மாற்றம் பலிக்கும். இது தெரியாமல் அக்கா அரைமணி நேரம் எங்களைத் திட்டினாள்.

தம்பிக்கும் இடம் வேண்டுமே! ‘பொது’ கோப்புறைக்கு 3770 வைத்து, குடும்பக் குழுவுக்குக் கொடுத்தோம். முன்னால் உள்ள 3 என்பது மேற்சொன்ன 2உடன் 1 சேர்ந்தது. அந்த 1 இருந்தால் யாரும் வைக்கலாம், ஆனால் தாம் வைத்ததை மட்டுமே அழிக்கலாம். கோப்புறையின் உரிமையாளர் மட்டும் விதிவிலக்கு, அவர் அப்பா. அப்பாவின் வரித்தாள்கள் 700.

அனுமதி எவ்வளவு சரியாக இருந்தாலும் தட்டே பழுதானால் என் செய்வது என்று கேட்ட அம்மா, இரண்டு பதிவுகளையும் தனியே ஒரு பென் டிரைவில் எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை தம்பியை அழைத்து, “பாட்டியின் கோப்புறையிலிருந்து ஒன்றை அழி, பார்ப்போம்” என்கிறோம். சோதனைக்கென்றே அதில் வெறுங்கோப்பு ஒன்றை வைத்திருக்கிறோம். அவனும் ஆவலோடு முயல்கிறான். அனுமதி இல்லை என்று வந்ததும், பாட்டியின் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறான்.