ஏசாயா 53-ஐ யாரும் கிழிக்கவில்லை

"யூதர்கள் ஏசாயா 53-ஆம் அதிகாரத்தைத் தங்கள் வேதத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வாசித்தால் இயேசுதான் மேசியா என்று தெரிந்துவிடுமாம்." பிரசங்க மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் இது ஓயாமல் காதில் விழுகிறது. சுத்தப் பொய். ஒரு சமூகம் உயிராய்க் காத்த வேதத்தை அவர்களே சிதைத்தார்கள் என்று பழி போடும் பொய்.

எந்த எபிரெய வேதாகமத்தையும் பிரித்துப் பாருங்கள், 53 இருக்கும். 1008-இல் எழுதப்பட்ட லெனின்கிராட் கையெழுத்துப் படியில் இருக்கிறது. 1947-இல் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருள் இயேசுவின் காலத்துக்கும் முந்தையது; அதிலும் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் யூத உரையாசிரியர் ராஷி இந்த அதிகாரத்துக்கு உரை எழுதினார். 1263-இல் பார்சிலோனாவில், அரசர் முன்னிலையில் நடந்த யூத-கிறிஸ்தவ வாதத்தில் யூத ரபி நாக்மனிடஸ் இதைப் பற்றியே பதில் சொன்னார். ஒளித்துவைத்த அதிகாரத்துக்கு யாராவது உரை எழுதுவார்களா?

வதந்திக்கு ஒரு நூல் நுனி உண்டு. ஜெப ஆலயத்தில் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, முழுவதுமாக வாசிப்பார்கள். தீர்க்கதரிசன நூல்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை மட்டுமே. ஆலயம் இடிந்த துக்கநாளுக்குப் பின்வரும் ஏழு வாரமும் ஏசாயாவின் ஆறுதல் பகுதிகள். அதில் ஒரு வார வாசிப்பு 52:12-இல் முடிகிறது, அடுத்த வாரம் 54:1-இல் தொடங்குகிறது. அவ்வளவுதான். எரேமியாவின் பெரும்பகுதியும்தான் அங்கே வாசிக்கப்படுவதில்லை. அதையும் மறைத்துவிட்டார்கள் என்பீர்களா?

கருத்து வேறுபாடு இருப்பது பொருள் கொள்வதில். இந்த அதிகாரத்தில் வரும் பாடுபடும் தாசன் இயேசு என்பது நம் விசுவாசம். இஸ்ரவேல் மக்களே அந்தத் தாசன் என்றார் ராஷி. ஏசாயா 41:8 இஸ்ரவேலைத் தாசன் என்றே அழைக்கிறது. இது அவர் புதிதாகக் கட்டியதும் அல்ல. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூதர்கள் தம்மிடம் இப்படி வாதிட்டதாகக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதியிருக்கிறார். பழைய அரமேய மொழிபெயர்ப்பான தர்கூமோ, தாசனைப் பற்றிய பகுதி தொடங்கும் 52:13-இல் மேசியாவையே காண்கிறது. யூதருக்குள்ளும் ஒரே வாசிப்பு இல்லை.

யூதர்கள் மேசியாவுக்குக் காத்திருக்கவில்லை என்பதும் தவறு. யூத அறிஞர் மைமோனிடஸ் அந்தக் காத்திருப்பை விசுவாசப் பிரமாணத்திலேயே சேர்த்தார். அவர் சொன்னது தாவீதின் வழிவரும் மனித அரசனை: ஆலயத்தைக் கட்டுவான், சிதறியவர்களைச் சேர்ப்பான். அவர்களுடைய வேதம் அப்படியே நம் பழைய ஏற்பாடு என்பதும் பாதி உண்மைதான். அவர்களுக்கு 24 நூல்கள், கடைசியில் நாளாகமம்; நமக்கு மல்கியா.

வேதாகமக் கல்லூரிகள் யூதர்கள் செய்த மொழிபெயர்ப்பு ஒன்றையாவது நூலகத்தில் வைக்கட்டும். எபிரெயத்தைக் கட்டாயப் பாடமாக்கட்டும். ராஷியின் உரை ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 53-ஐப் பிரசங்கிக்கப் போகிறவர் முதலில் அதை வாசிக்கட்டும்.