சிப்பின் பெயரோடு நிறுத்தாதீர்கள், தடத்தையும் பாருங்கள்

பழைய ஃபேமிகாம் கேட்ரிட்ஜைத் திறந்ததும் எல்லோருடைய கண்ணும் சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துக்குத்தான் போகும். நானும் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்வேன். ஆனால் அது பாதி விவரம்தான். அந்தச் சிப்பை எந்தக் கம்பியோடு இணைத்தார்கள் என்பது மீதிப் பாதி. அதைப் போர்டில் ஓடும் செம்புத் தடங்கள்தான் சொல்லும்.

1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் விளையாட்டுக் கருவி, வழக்கமான கேட்ரிட்ஜில் ஒரு நேரத்தில் 32 கேபி நிரலையும் 8 கேபி படத் தரவையும்தான் பார்க்கும். அதைவிடப் பெரிய விளையாட்டு என்றால் பகுதி பகுதியாக மாற்றிக் காட்ட கேட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு சுற்று வேண்டும். அதுதான் மேப்பர். ஜப்பானில் கோனாமி, நாம்கோ, சன்சாஃப்ட் போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்று சொந்த மேப்பர் சிப்களை வைத்திருந்தன. விசித்திரங்கள் அதிகம் கிடைப்பது அங்கேதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் கோனாமியின் விஆர்சி6. 1989இல் வந்த ‘அகுமாஜோ டென்செட்சு’விலும் 1990இல் வந்த ‘மதாரா’விலும் இருப்பது ஒரே சிப். ஆனால் மதாராவின் போர்டில் ஏ0, ஏ1 என்ற இரண்டு முகவரிக் கம்பிகள் சிப்புக்குப் போகும்போது இடம் மாறிவிடுகின்றன. அதனால் 9000, 9003 போன்ற முகவரிகள் அப்படியே இருக்க, 9001ம் 9002ம் ஒன்றன் இடத்தில் ஒன்று போய் உட்காரும். முதல் போர்டில் 9001 என்பது சுருதி எண்ணின் கீழ்ப்பகுதி. 9002 அதன் மேல்பகுதியோடு அந்த ஒலியை இயக்கும் பிட்டையும் தாங்குகிறது. மதாராவையும் அதே போர்டு என்று எண்ணி எமுலேட்டரில் இயக்கினால் இவை இரண்டும் மாறி இசை கெடும். படப் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் முகவரிகளுக்கும் அதே கதிதான், ஆகவே திரையில் சில துண்டுகள் சரியாகவும் சில தப்பாகவும் வரும். இந்தப் பாதிச் சரிதான் துப்பு. எல்லாமே குழம்பினால் சிப்பைப் பற்றிய கணிப்பைச் சந்தேகியுங்கள். 1, 2 என்று முடியும் முகவரிகள் மட்டும் மாறியிருந்தால் கம்பியைச் சந்தேகியுங்கள். எமுலேட்டர்கள் இந்த இரண்டு போர்டுகளுக்கும் 24, 26 என்று தனித்தனி எண் கொடுத்திருப்பது இதற்காகத்தான்.

இதை உறுதி செய்ய மல்டிமீட்டரின் பீப் போதும். ஃபேமிகாமின் 60 பின்களில் 13ஆவது ஏ0, 12ஆவது ஏ1. அவற்றிலிருந்து சிப்பின் எந்தக் கால் வரை சத்தம் வருகிறது என்று பாருங்கள். போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் செய்ய வேண்டிய வேலை இது.

நான் எந்தப் போர்டிலும் தவறாமல் தொட்டுப் பார்க்கும் வேறு சில பின்களும் உண்டு. 45, 46 இரண்டும் ஒலிக்கானவை. ஃபேமிகாமின் ஒலி 45 வழியே கேட்ரிட்ஜுக்குள் வந்து 46 வழியே திரும்பிப் போகும். சாதாரண விளையாட்டில் இரண்டையும் நேராக இணைத்திருப்பார்கள். நடுவில் ரெசிஸ்டர்கள் தென்பட்டால் அந்தக் கேட்ரிட்ஜுக்குச் சொந்தக் குரல் இருக்கலாம். விஆர்சி6 அப்படித்தான் இரண்டு பல்ஸ் ஒலிகளையும் ஒரு சாடூத் ஒலியையும் சேர்க்கிறது. ‘அகுமாஜோ டென்செட்சு’ 1990இல் அமெரிக்காவில் ‘கேசில்வேனியா 3’ என்று வந்தபோது வேறு மேப்பரில் ஏறி இந்தக் கூடுதல் ஒலிகளை இழந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், அந்தச் சில ரெசிஸ்டர்களின் மதிப்பு புரியும். 15ஆவது பின்னிலிருந்து தடம் சிப்புக்குப் போனால் உள்ளே குறுக்கீடு எழுப்பும் கவுன்ட்டர் இருக்க வாய்ப்புண்டு. 18ஆவது பின் எங்கே போகிறது என்பது, திரை நினைவகம் கிடைமட்டமாகப் பிரதிபலிக்கிறதா செங்குத்தாகவா, இல்லை அதைச் சிப்பே தீர்மானிக்கிறதா என்று சொல்லும்.

தடம் சிப்புக்கு அடியில் மறைந்துவிட்டால் நிரலைப் படியுங்கள். 0, 1, 2, 3 என்று வரிசையாக ஒரு பட்டியல் நிரலைத் தாங்கும் ரோம் சிப்பில் காணப்பட்டு, நிரல் அந்தந்த எண்ணை அதே எண் இருக்கும் இடத்திலேயே எழுதுகிறது என்றால், போர்டில் இருப்பது பெரும்பாலும் 74எச்சி161 போன்ற எளிய சிப்தான். அந்தப் போர்டுகளில் எழுதும் நேரத்திலும் ரோம் வாய் மூடாது. நிரல் எழுதும் எண்ணும் ரோம் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் மோதல் வராது.

90களில் நம் ஊரில் விற்ற ‘9999 இன் 1’ வகைக் கேட்ரிட்ஜில் கற்கத் தொடங்காதீர்கள். பெரும்பாலும் கறுப்புப் பசைக் குமிழுக்குள் சிப் புதைந்திருக்கும், கால்களே தெரியாது. கால்கள் வெளியே தெரியும் பழைய ஜப்பானியப் போர்டு ஒன்றே தொடக்கத்துக்கு நல்லது.

ஒரு வேண்டுகோள். எந்தச் சிப்பையும் கழற்றுவதற்கு முன் போர்டின் இரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எந்தப் பின் எங்கே போகிறது என்பதையும் எழுதி, ரோம் கோப்போடு சேர்த்தே வையுங்கள். கோப்பை மட்டும் வைத்து இந்தத் தடங்களை முழுதாக மீட்க முடியாது.