உருளைக்கிழங்குத் தலையிலிருந்து ஒரு தொழில்

வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் தாய்மார்கள், மிஞ்சிய துணியில் பிள்ளைக்குப் பொம்மை தைத்துக் கொடுப்பதை நாம் அறிவோம். அவ்வாறு செய்யப்பட்ட ஒரு பொம்மை பெருந்தொழிலாக வளர்ந்த வரலாறு ஜெர்மனியில் உண்டு. கைத்தொழிலில் நாட்டமுள்ள தோட்டப்புற அன்பர்களுக்கு அது நல்லதொரு பாடமாகும்.

கேத்தே குருசே அம்மையார் 1883-ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் நாடக நடிகை. 1905-இல் அவர் தம் இரு பெண் குழந்தைகளுடன் சுவிட்சர்லாந்தில் வசித்தார். குழந்தைகளின் தந்தையாகிய சிற்பி மாக்ஸ் குருசே பெர்லின் நகரில் இருந்தார். தாய் கைக்குழந்தையை ஏந்துவதைக் கண்ட மூத்தவள் மரியா, தனக்கும் அதுபோல் ஒரு குழந்தை வேண்டுமென்றாள். பொம்மை வாங்கி அனுப்புமாறு தாய் எழுதினார். கடைப் பொம்மைகள் அழகற்றவை, நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள் என்று சிற்பியிடமிருந்து பதில் வந்தது.

அம்மையார் ஒரு துவாலையை எடுத்தார். நடுவில் மணலை நிரப்பி, நான்கு மூலைகளையும் முடிச்சிட்டுக் கைகால்களாக்கினார். ஓர் உருளைக்கிழங்கு தலையாயிற்று. எரிந்த தீக்குச்சியின் கரியால் கண், மூக்கு, வாய் வரைந்தார். குழந்தை அதனை விட்டுப் பிரியவில்லை. ஆனால் மணல் ஒழுகியது; கிழங்கு சுருங்கியது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அக்காலத்தில் கடையில் விற்ற பொம்மைகள் பலவற்றிற்குப் பீங்கான் தலை. அவை பார்க்க அழகானவை; கீழே விழுந்தால் உடைபவை. துவாலைப் பொம்மையோ கனமாக, மென்மையாக, மெய்யான குழந்தையைப்போல் கையில் தாழ்ந்து கிடந்தது. குழந்தை விரும்பியது அந்தக் கனத்தைத்தான் என்பது எமது கருத்து. அம்மையார் அவ்விருப்பத்தைக் கைவிடாமல் குறைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தினார். அதற்கு ஐந்தாண்டுகள் சென்றன. மணலுக்குப் பதிலாகக் கலைமான் உரோமம் வந்தது. கிழங்கிற்குப் பதிலாக, பின்புறம் மூன்று தையலிட்ட துணித்தலை வந்தது. முகம் கையால் தீட்டப்பட்டது.

1910-இல் பெர்லினில், டீட்ஸ் என்னும் பெருங்கடையில், வீட்டில் செய்த விளையாட்டுப் பொருள்களின் கண்காட்சி நடைபெற்றது. அதில் அம்மையாரின் பொம்மைகள் பெரும் புகழ் பெற்றன. உடனே ஒரு தொழிற்சாலைக்குச் செய்யும் உரிமையைக் கொடுத்தார். அங்கு வெளிவந்தவை அவருக்கு நிறைவளிக்கவில்லை. உரிமையைத் திரும்பப் பெற்றார். பால் வெட்டுவோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கத்தி ஒன்றேயாயினும் கைக்குத் தக்கவாறுதான் பட்டை பிழைக்கிறது.

1911-இல் அமெரிக்காவிலிருந்து 150 பொம்மைகளுக்கு ஆணை வந்தது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஒன்றைச் செய்யத் தெரிவது வேறு. நூற்றைம்பதையும் ஒரே தரத்தில், குறித்த நாளில் முடிப்பது வேறு. வீடே பட்டறையாயிற்று. மறு ஆண்டு அவர் பாட் கோசன் என்னும் சிற்றூருக்குச் சென்று, பெண்களுக்கு வேலை பழக்கி, முறையான தொழிற்கூடம் நிறுவினார். கைவேலை மிகுதியாதலால் விலையும் அதிகமாகவே இருந்தது. ஒவ்வொரு பொம்மையின் இடது பாதத்திலும் அவர் பெயரும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டன.

1920-களின் நடுவில் அவர் மீண்டும் மணலை நாடினார். பிறந்த குழந்தையின் எடைக்கு நிகராக மணலிட்டுச் செய்த பொம்மைகள், இளந்தாய்மாருக்குக் குழந்தை வளர்ப்புப் பயிற்சியளிக்கவும் உதவின.

புகழ் வந்தால் போலியும் வரும். பிங் என்னும் பெரிய நிறுவனம் அவருடைய பொம்மையைப் போன்றே செய்து விற்றது. அம்மையார் வழக்குத் தொடுத்து, 1925-இல் வென்றார். ஜெர்மனியில் ஒரு விளையாட்டுப் பொருள் கலைப்படைப்பாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது அதுவே முதன்முறை. பாதத்தில் பொறித்த பெயர் வெறும் அலங்காரமன்று என்பது அப்போது பலருக்கும் விளங்கியிருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பாட் கோசன் சோவியத் ஆட்சிப் பகுதிக்குள் அடங்கியது; பின்னர் அத்தொழிற்கூடம் அரசுடைமையாயிற்று. அதற்கு முன்னரே அவர் மக்கள் மேற்குப் பகுதியில், டோனாவோர்த் நகரில், புதிய தொழிற்கூடத்தைத் தொடங்கியிருந்தனர். அம்மையார் 1968-இல் காலமானார். டோனாவோர்த்தில் இப்பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டுள்ளது.