எண்பதை வென்ற எழுபது

ஒரு மாணவி இயற்பியலில் 70 மதிப்பெண் பெற்றாள், தமிழில் 80. எதில் அவள் சிறந்து விளங்கினாள்? தமிழில்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். வகுப்பின் சராசரியைக் கேளுங்கள். இயற்பியலில் அது 50, தமிழில் 74. மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதும் தெரிய வேண்டும். அச்சிதறலின் அளவே திட்ட விலக்கம். இயற்பியலில் அது 10, தமிழில் 12 எனக் கொள்வோம்.

மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் வருவது திட்ட மதிப்பு.

இயற்பியல்: (70 − 50) ÷ 10 = 2
தமிழ்: (80 − 74) ÷ 12 = 0.5

இந்த 2 எவ்வளவு பெரிது? பெல்ஜிய அறிஞர் கெத்லே 1846-இல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்புச் சுற்றளவுகளை ஆராய்ந்து வெளியிட்டார். சராசரி ஏறத்தாழ 40 அங்குலம். இன்றைய முறையில் கணக்கிட்டால் திட்ட விலக்கம் சுமார் 2 அங்குலம். நடுவில் பெருங்கூட்டம், இரு ஓரங்களிலும் சிலரே. வரைந்தால் கோயில் மணியைப் போன்ற வளைகோடு! இதுவே இயல்நிலைப் பரவல். இதில் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68 விழுக்காட்டினரும், இரண்டுக்குள் 95 விழுக்காட்டினரும் அடங்குவர். ஆகவே 44 அங்குலத்தைத் தாண்டியோர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. மதிப்பெண்களும் மணி வடிவில் பரவியிருந்தால், இயற்பியலில் நம் மாணவியை மிஞ்சுவோரும் அவ்வளவே. தமிழிலோ நூற்றுக்கு 31 பேர்.

‘பரவியிருந்தால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மிக எளிய வினாத்தாளில் சராசரி 90, திட்ட விலக்கம் 10 என்றால், நூற்றுக்கு நூறு வாங்கியவருக்கும் திட்ட மதிப்பு 1தான். மணியின் வலப்பக்கமே அங்கு இல்லை. மேற்கண்ட விழுக்காடுகள் அதற்குப் பொருந்தா.