மாற்றுச் சைலன்ஸரும் இடைவெளியும்: ஊவா மலைப் பாதைகளுக்கான பொருத்து முறை

மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் புதிய சைலன்ஸரைப் பொருத்தும்போது கண்ணுக்குத் தெரியும் இடைவெளி, அந்த வண்டி ஓடும்போது கிடைக்கும் இடைவெளி ஆகாது. ஸ்டாண்டில் பின் சில்லு தொங்கிக்கொண்டிருப்பதால், அச்சில்லைத் தாங்கும் சுவிங் ஆர்ம், அதாவது ஷொக் அப்சோபரோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் இரட்டைக் கைச் சட்டம், தன் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கிறது. பின்னால் ஒருவரையும் பக்கத்தில் ஒரு மரக்கறி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, பசறை அல்லது மடுல்சீமைத் தோட்டப் பாதையைக் குறுக்கறுக்கும் கானொன்றைக் கடக்கையில், அதே சட்டம் விரற்கடைகளால் அளக்கத்தக்க உயரத்துக்கு எழும்பிச் சைலன்ஸரை நோக்கி வருகிறது. பொருத்தும்போது சரியாக இருந்த குழாய் சில வாரங்களில் சுவிங் ஆர்மில் பள்ளம் தோண்டுவதற்கும், பிரேக் கம்பியை வளைப்பதற்கும், கொங்கிரீட் விளிம்பில் அடிபடுவதற்கும் இதுவே காரணம்.

பழைய சைலன்ஸரைக் கழற்றுவதில் விளக்கத்துக்கு உரியது குறைவு: இயந்திரம் ஆறியிருக்க வேண்டும், துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளே ஒயில் விட்டிருக்க வேண்டும், பழைய கஸ்கெட்டை, அதாவது குழாய் இயந்திரத்தோடு சேரும் தலைப்பகுதியில் வாயு கசியாமல் அடைக்கும் வளையத்தை, மீண்டும் பயன்படுத்தக் கூடாது. கழற்றிய சைலன்ஸரை விற்றுவிடாமல் வைத்திருப்பதே நல்லது. வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் நடைபெறும் ஆண்டுப் புகைப் பரிசோதனையின்போதோ, ஒலி மிகுதிக்காகப் பொலிஸார் வண்டியை நிறுத்தும்போதோ அதன் தேவை புரியும். ஒலி தணிக்கும் உட்பகுதியை நீக்கிய சைலன்ஸருக்கு இக்கட்டுரையில் இடமில்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கி வரும் சைலன்ஸர்களுட் பல வேறொரு மாதிரிக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே அவற்றின் தொங்கு காது, அதாவது சட்டகத்தோடு போல்ட் பூட்டும் தகடு, உரிய துளைக்கு நேராக வராது. இங்கேதான் முதலாவது பிழை நேர்கிறது: குழாயைக் கையால் இழுத்து, துளைகளை நேராக்கி, போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். இழுத்துப் பூட்டிய குழாய் எப்பொழுதும் திரும்பிப் போகவே முயல்வதால், சூடேறித் தளரும்போது எந்தப் பக்கம் இழுபட்டதோ அந்தப் பக்கத்துப் பாகத்தில் உரசும். சில வேளைகளில் காதின் வெல்டிங்கே பிளக்கும். எனவே எல்லா நட்டுகளையும் தளர்த்தி, தலைப்பகுதி நட்டுகள் இரண்டையும் மாறி மாறிக் கையிறுக்கமாக மட்டும் பூட்டி, நடு இணைப்பை, அதாவது முன்குழாயும் சைலன்ஸரும் சேரும் இடத்தை, சுழலக்கூடியதாக விட்டு, தொங்கு காதின் போல்ட் விரலால் தள்ளினால் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். விரலுக்கு நுழையாத போல்ட்டைச் சாவியால் நுழைக்கக் கூடாது.

துளை சிறிது விலகியிருந்தால், பெரும்பாலும் நடு இணைப்பைத் திருப்பினாலே போதும். அறுபது சென்ரிமீற்றர் நீளமுள்ள குழாயின் முன்முனையில் ஒரு பாகை திரும்பினால் பின்முனை ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் நகர்கிறது என்பதால், அரைப் பாகைத் திருப்பமே கைகூடாத பல வேலைகளை முடித்துவைக்கும். அதன் பின்னரும் எஞ்சும் வித்தியாசத்துக்கே காலர், அதாவது காதுக்கும் சட்டகத்துக்கும் இடையில் வைக்கும் உருளை வடிவ இரும்புத் துண்டு, தேவைப்படும். காலர் 15 மில்லிமீற்றருக்கு மேல் போனால் போல்ட் வளையத் தொடங்கும். அப்போது புதிய காதைச் செய்வித்து, முக்கோணத் தாங்கு தகடொன்றும் வைத்து வெல்ட் செய்விப்பதே முறை. காலருக்குப் பதிலாகப் பத்து வாஷர்களை அடுக்கும் பழக்கம் கைவிடத்தக்கது. அவை ஒவ்வொன்றும் தேய்ந்து, அடுக்கு முழுவதும் ஆடத் தொடங்கும். போல்ட் 8.8 தரத்ததாக இருக்க வேண்டும், ரப்பர் புஷ்ஷும் மீண்டும் இடம்பெற வேண்டும்.

குழாய் தானாகவே தன் இடத்தில் நின்ற பிறகு வருவது, பெரும்பாலோர் தவிர்த்துவிடும், ஆனால் முழு வேலையின் பலனும் தங்கியிருக்கும் சோதனை. பஜாஜ் பல்சர், டிஸ்கவர், சீடீ 100 போன்ற இரட்டை ஷொக் வண்டிகளில், இரு ஷொக் அப்சோபர்களின் கீழ்ப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் பின் சில்லு தடையின்றி மேலே வரும். சில்லின் கீழ் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி அதை மேலே ஏற்ற வேண்டும். எவ்வளவு தூரம் என்பதை ஷொக்கின் வெளித்தெரியும் பளபளப்பான தண்டின் நீளத்திலிருந்து, அதன் அடியிலுள்ள ரப்பர் தடுப்பின் தடிப்பைக் கழித்துப் பெறலாம். இத்தகைய வண்டிகளில் இத்தூரம் பெரும்பாலும் 80 முதல் 110 மில்லிமீற்றர் வரை வரும். யமஹா எஃப்ஸீ போன்று நடுவில் ஒரே ஷொக் உள்ளவற்றில் தண்டின் அசைவைவிடச் சில்லின் அசைவு பெரிது. ஆகவே அங்கு தண்டை அளப்பதை நம்பாமல் வண்டிக் கையேட்டிலுள்ள பின்சில்லு அசைவைக் கொள்ள வேண்டும். இருவரை ஏறி உட்காரச் சொல்லிப் பார்ப்பது இச்சோதனைக்கு ஈடாகாது. நின்ற வண்டியில் இருவரின் பாரம் ஷொக்கை அதன் முடிவு வரை அமுக்குவதில்லை, கான் குழியோ அதைச் செய்கிறது.

சில்லை மேலே ஏற்றுவதற்கு முன், சைலன்ஸரின் உட்பக்கத்தில் சுவிங் ஆர்ம், அச்சாணி நட், பிரேக் கம்பி, ரயர் ஆகியன நெருங்கும் இடங்களில் கெட்டியாகப் பிசைந்த கோதுமை மா உருண்டைகளை ஒட்ட வேண்டும். ரொட்டி சுடும் பதத்தைவிடச் சற்று இறுக்கமான மா சரியாக நிற்கும், தொடும் பாகத்தில் சிறிது ஒயில் தடவினால் மா அதனோடு இழுபடாது. சில்லை முழு உயரத்துக்கு ஏற்றி இறக்கிய பின், அமுக்கப்பட்ட உருண்டையின் மிக மெல்லிய பகுதியைக் கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தின் தடிப்பை அடிமட்டத்தால் அளந்தால், அதுவே மெய்யான இடைவெளி. அசையும் பாகங்களுக்கு 15 மில்லிமீற்றர், அசையாத இரும்புப் பாகங்களுக்கு 8 மில்லிமீற்றர், ரப்பர் குழாய்க்கும் வயருக்கும் 25 மில்லிமீற்றர் என்று கொள்வது பாதுகாப்பானது. இவ்வளவு ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை வெப்பத்தில் இருக்கிறது: அறுபது சென்ரிமீற்றர் நீளமுள்ள துருப்பிடிக்காத உருக்குக் குழாய் 400 பாகை சூடேறினால் 4 மில்லிமீற்றர் நீள்கிறது, குளிர்ந்த கராஜில் எடுத்த அளவு இந்த நீட்சியை அறியாது.

அளவு போதாத இடத்தில் சுத்தியலால் குழாயை நசுக்கும் குறுக்குவழி இப்பகுதியில் பரவலாகக் காணப்படுகிறது. நசுக்கிய இடத்தில் வாயு செல்லும் வழி சுருங்கி, உலோகம் மெலிந்து, பின்னர் அவ்விடத்திலேயே வெடிப்பு விழுகிறது. குழாயை ஆப்பு வடிவில் வெட்டி, வெட்டை மூடி வெல்ட் செய்வதே இதற்குரிய மாற்று. 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் அகன்ற பக்கம் 3 மில்லிமீற்றர் உள்ள ஆப்பை எடுத்தால் வளைவு நாலரைப் பாகை மாறும், அறுபது சென்ரிமீற்றருக்கு அப்பாலுள்ள முனை 45 மில்லிமீற்றருக்கும் மேல் நகரும். ஆகவே அதைவிடப் பெரிய ஆப்பு அரிதாகவே வேண்டும். வெட்டுவதற்கு முன் குழாயின் நீளப்போக்கில் ஒரு கோடு கீறினால் மீண்டும் பொருத்துகையில் திருகல் தெரியும். குழாயை வண்டியிலிருந்து கழற்றியே வெல்ட் செய்விக்க வேண்டும். பெற்றோல் தாங்கியின் அருகில் தீப்பொறி விழுவதையும், மின்னோட்டம் பற்றவைப்புப் பெட்டியைக் கெடுப்பதையும் பொருட்படுத்தாத கராஜுக்கு வண்டியைக் கொடுக்கக் கூடாது. முதலில் மூன்று புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு, வண்டியில் மாட்டி மா உருண்டைச் சோதனையை மீண்டும் செய்து, அதன் பின்பே முழுதும் வெல்ட் செய்விக்க வேண்டும். சாதாரண இரும்புக் குழாய்க்கு எந்த வெல்டரும் போதுமானவர். துருப்பிடிக்காத உருக்குக்கு ஆர்கன் வெல்டிங் தேவை.

தரை இடைவெளிக்குரிய விதி சுருக்கமானது. வண்டியைச் சமதரையில் வலப்புறம் மெதுவாகச் சாய்க்கும்போது மடியும் தன்மையுள்ள கால்மிதி முதலில் தரையைத் தொட வேண்டும், மடியாத சைலன்ஸர் பிறகே. குழாயை உயர்த்திக் கட்டித் தரையிடைவெளி பெறுபவர்கள் பின்னிருப்பவரின் காலையும், ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் பெய்யும் மழைக்குப் போடும் றெயின்கோட்டையும் மறந்துவிடுகிறார்கள். றெயின்கோட் உருகி ஒட்டிய குழாயைப் பின்னர் சுத்தம் செய்வது கடினம், சுட்ட காலை ஆற்றுவது அதைவிடக் கடினம். வெப்பத் தகடு கட்டாயம்.

பிரேக் பெடலைக் கீழே முழுவதும் அமிழ்த்தி, அது குழாயைத் தொடாமல் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஹைட்ரோலிக் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் குழாயைச் சைலன்ஸரிலிருந்து விலக்கிக் கட்டுவது இன்னும் முக்கியம். டொட் 4 பிரேக் எண்ணெய் ஈரம் உறிஞ்சிவிட்டால் 155 பாகையளவிலேயே கொதிக்கலாம், பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய 500 மீற்றர் இறங்கும் பாதையில் அவ்வெண்ணெய்க்கு வெளியிலிருந்தும் சூடு சேர்வது ஆபத்தானது. பின் அச்சாணியை வெளியே இழுக்க இடமிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். இடமில்லையெனில், லுணுகலைக்கு அப்பால் ரயர் காற்றுப் போன நேரத்தில் முழுச் சைலன்ஸரையும் கழற்ற நேரிடும். சில மாதிரிகளில் நடு ஸ்டாண்ட் மேலே மடிந்து நிற்பதற்கான ரப்பர் பழைய சைலன்ஸரிலேயே இருப்பதால், அது போனதும் ஸ்டாண்ட் மேலும் எழுந்து செயினில் படும். சட்டகத்தில் தனித் தடுப்பொன்றை வெல்ட் செய்விக்காமல் அந்த வண்டியை எடுக்கக் கூடாது.

இறுதி இறுக்கம் தலைப்பகுதி நட்டுகளில் தொடங்கி, நடு இணைப்புக்கு வந்து, தொங்கு காதில் முடிய வேண்டும்; வரிசை மாறினால் குழாய் மீண்டும் இழுபடும். நெருங்கிய பாகங்களில் சுண்ணாம்பு தடவி, பின்னால் ஒருவரை ஏற்றி, ஹாலிஎல வரையாவது சென்று திரும்பினால், அழிந்த இடம் எதுவோ அங்கே உரசல் இருக்கிறது. வண்டி ஆறிய பின் தலைப்பகுதி நட்டுகளை ஒருமுறை மீண்டும் இறுக்க வேண்டும். காதின் போல்ட் அதன் பிறகும் தளர்ந்தால் அதை மேலும் முறுக்காமல் ரப்பர் புஷ்ஷை மாற்ற வேண்டும்.