காலி சேனலில் எது நல்ல பாதை?

ஆற்றுக்கால் பொங்காலைத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே தகவல் அனுப்ப, காக்னிட்டிவ் ரேடியோ வலையமைப்பைக் கல்லூரி புராஜெக்டாகச் செய்கிறேன். மிகக் குறுகிய பாதையை எடுத்தும் இணைப்பு அறுகிறதே, ஏன்?
– வாசகி, கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்

தாவல்களை (ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குச் செல்லும் படிகளை) மட்டும் எண்ணுவதை நிறுத்துங்கள், பாதிப் பிரச்சினை தீரும். காக்னிட்டிவ் ரேடியோ, பிறர் உரிமம் பெற்ற சேனலை அது காலியாக இருக்கும்போது மட்டும் பயன்படுத்துகிறது; உரிமம் பெற்றவர் திரும்பியதும் நீங்கள் சேனலை விட்டாக வேண்டும். பாதை அங்கேதான் அறுகிறது. அதனால் பாதையையும் சேனலையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். தேவைப்படும்போது மட்டும் பாதை தேடும் ஏ.ஓ.டி.வி. முறையில், அந்தத் தேடல் செய்தியோடு, ஒவ்வொரு கருவியும் தன் காலி சேனல்களையும் அவை சராசரியாக எவ்வளவு நேரம் காலியாக இருக்கும் என்பதையும் சேர்த்து அனுப்பட்டும். நிலையான சேனல் கிடைத்தால் ஒரு தாவல் கூடினாலும் லாபமே. வேறு சேனலில் மாற்றுப் பாதை ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

சிமுலேஷனுக்கு 470–590 மெகாஹெர்ட்ஸ் டி.வி. பட்டையை எடுங்கள். அதன் 15 சேனல்களில் குறைந்தது 12, நாட்டின் அநேக இடங்களில் காலி என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வு 2014இல் காட்டியது.